புறுபுறு அங்கிள் கொண்டுவந்த கதிரை

ஏணியில் நின்றுகொண்டு ஒரு மனிதர் கடவுளோடு சண்டை பிடித்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது எங்கள் புது வீட்டுச் சமையலறை யன்னலால். ஒக்டோபர் மாதம். பக்கத்து வீட்டுப் பின்வளவில் அவர் பலகை அடித்துக்கொண்டிருந்தார். கையில் சுத்தியல், தலையில் சின்ன வட்டத் தொப்பி, வாயில் இரண்டு ஆணி. ஆணியை வாயில் வைத்துக்கொண்டும் புறுபுறுப்பு நிற்கவில்லை. பலகை கோணலாம். ஆணி மொட்டையாம். முதுகு நோகிறதாம். வெயில் நாட்டில் இருந்த சனத்துக்குச் சொன்ன கொட்டிலை இந்தக் குளிரிலும் போடு என்றால் கடவுளுக்குக் கனடாவைப் பற்றி என்ன தெரியும் என்று, அந்தக் கடைசிக் குறையை மட்டும் அண்ணாந்து பார்த்துச் சொன்னார்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய மனைவி என்னைக் கண்டு கையசைத்தார்.

"பயப்பிடாதேங்கோ. ஆள் சரியான சந்தோஷத்தில நிக்கிறார்," என்றார்.

அவர்கள் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அத்தனை வருடப் பழக்கத்தில் அவருடைய ஆங்கிலம் என் தலைக்குள் எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது. அவர் என்னை 'பிள்ளை' என்று ஒருநாளும் அழைத்திருக்க முடியாது. ஆனால் நினைத்துப் பார்க்கும்போது அப்படித்தான் கேட்கிறது. எங்கள் பக்கத்தில் இவ்வளவு புறுபுறுக்கும் மனிதர் வேறு மொழியில் கதைத்தார் என்று நம்புவதே எனக்குக் கஷ்டம்.

பாதர்ஸ்ட் வீதிப் பக்கம் நாங்கள் வீடு வாங்கியபோது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம். தமிழ் ஆட்கள் நிறைந்த ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளை விட்டுவிட்டு யூத ஆட்களுக்கு நடுவில் போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். என் கணவருக்கு வேலை பக்கத்து நகரமான வோனில். வேறு காரணம் ஒன்றும் இல்லை. வந்த கொஞ்ச நாளிலேயே என் மகள் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெயர் வைத்துவிட்டாள். 'புறுபுறு அங்கிள்.' அவருடைய உண்மைப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பெயர் போட்டால் அதிலும் ஒரு எழுத்துப்பிழை கண்டுபிடித்துவிடுவார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து இளைப்பாறியவர். ஊரில் இருக்கும் எல்லாமே கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது, யாராவது திருத்தவேண்டும் என்ற நினைப்பு அந்தத் தொழிலால் வந்ததோ என்னவோ. குப்பை எடுக்க வருபவர்கள் பிந்தினால் குறை, முந்தினாலும் குறை. ஆனால் இந்த மனிதரைப் போலப் பண்டிகை கொண்டாடிய ஒருவரை நான் கண்டதில்லை. சந்தோஷமாக இருப்பது அவருக்கு ஒரு வேலை. மனம் இருக்கிறதோ இல்லையோ காலையில் எழும்பிப் போகவேண்டிய வேலை.

"இந்தப் பண்டிகைக்குச் சந்தோஷமா இரு எண்டு எங்களுக்குக் கட்டளை போட்டிருக்கு," என்று ஒருமுறை வேலிக்கு மேலால் சொன்னார். சொன்னபோது முகத்தில் பல்வலி வந்தவரின் களை.

"சந்தோஷத்துக்கும் கட்டளையோ அங்கிள்? அது தானா வரவேண்டிய சாமான் எல்லோ?"

"தானா வருமெண்டா ஏன் கட்டளை? எல்லாம் ஒழுங்கா இருக்கிற ஆக்களுக்கு அது தேவையில்லை. எங்களைப் போல ஆக்களுக்குத்தான் போட்டது."

அந்த 'எங்களை'யில் என்னையும் சேர்த்தாரா என்று நான் அப்போது கேட்கவில்லை.

வந்த முதல் வருடமே நாங்கள் அவருக்கு ஒரு பெரிய உபகாரம் செய்து மாட்டிக்கொண்டோம். கொட்டில் எழும்பிவிட்டது. சுற்றிவர ஒட்டுப்பலகை, மேலே வெட்டிப் போட்ட சீடர் கிளைகள். அவர்கள் அதைச் சுக்கா என்பார்கள், பண்டிகைக்குச் சுக்கோத் என்று பெயர். கூரையைப் பார்த்த என் கணவருக்குப் பொறுக்கவில்லை.

"உது கூரையே? வானம் தெரியுது. பாவங்கள், வேயத் தெரியாத சனம்."

நாங்கள் இருவரும் இடம்பெயர்ந்து கொட்டில்களில் இருந்து வந்தவர்கள். எது ஒழுகும், எது காற்றுக்கு நிற்கும் என்பது எங்களுக்குப் பள்ளிக்கூடம் போகாமல் வந்த படிப்பு. பண்டிகை தொடங்கிய பின்னேரம் அவர்கள் தங்கள் கோவிலுக்கு நடந்து போயிருந்தார்கள். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கொட்டிலுக்குள் வெள்ளைத் துணி விரித்த மேசை, அதன்மேல் கோப்பைகள், மூடி வைத்த ரொட்டி. என் கணவர் கராஜுக்குள் ஓடிப்போய் மழைக்கு மூடும் நீலத் தறப்பாளை எடுத்துக்கொண்டு வந்தார். நான் ஒரு பக்கம் இழுக்க, அவர் மறுபக்கம் இழுத்து, நாலு மூலையிலும் அசையாத முடிச்சாகப் போட்டார். மழை விழத் தொடங்கியது. உள்ளே ஒரு துளி இறங்கவில்லை. நன்றி வாங்குவதற்காக இரண்டு பேரும் வேலியடியில் போய் நின்றோம்.

அவர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"நல்ல தறப்பாள்," என்றார்.

"ஓம் அங்கிள். ஒரு சொட்டு விழாது," என்றார் என் கணவர்.

"ஒரு சொட்டு விழாது. வானமும் தெரியாது."

"தெரியாது!"

"கூரைக்குள்ளால வானம் தெரியவேணும், கிளையும் இலையும் மட்டும்தான் தலைக்கு மேல இருக்கவேணும் எண்டு எங்கடை ஆக்கள் சொல்லியிருக்கினம். இல்லாட்டி உது கொட்டில் இல்லையாம்." முடிச்சைப் பார்த்துக்கொண்டு, "முடிச்சும் நல்ல முடிச்சு. இண்டைக்கு நான் அப்பிடியான முடிச்சு அவிழ்க்கக் கூடாத நாள். அவிழ்த்துவிடுங்கோ எண்டு ஒருத்தரைக் கேக்கவும் கூடாது. நான் ஒண்டும் கேக்கேல்லை. சும்மா சொல்லுறன்."

என் கணவர் தலையாட்டிக்கொண்டு நின்றார். எனக்குத்தான் விளங்கியது. இந்த மாதிரிக் கதையில் எங்களை வெல்ல ஆள் ஏது? எங்கள் ஊரில் அடுத்த வீட்டுக்காரி வந்து "தேங்காய் விலை ஏறிப்போச்சு" என்றால் ஒரு தேங்காய் எடுத்துக் கொடுக்கவேண்டும். "வேலையால களைச்சு வந்திருப்பியள்" என்றால் தேத்தண்ணி ஊற்றவேண்டும்.

"இஞ்சாருங்கோ, ஏறி அவிழுங்கோ உதை," என்றேன்.

கொட்டும் மழையில் என் கணவர் தான் போட்ட முடிச்சுகளைத் தானே அவிழ்த்தார். அவிழ்க்க அவிழ்க்க மழை மேசையில் இறங்கியது. அன்ரி, அதாவது அவருடைய மனைவி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அங்கிள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் இருந்து, மந்திரம் சொல்லி, ஒரு துண்டு நனைந்த ரொட்டியைச் சாப்பிட்டார். மழை பெய்தால் வீட்டுக்குள் போகச் சலுகை உண்டாம். முதல் நாள் மட்டும் ஒரு துண்டாவது அங்கே சாப்பிடவேண்டுமாம்.

"ரொட்டி ஊறிப்போச்சு. குளிருது. சந்தோஷமாயிருக்கு," என்று எங்களைப் பார்த்து அறிவித்துவிட்டு உள்ளே போனார்.

அதோடு எங்களுக்குள் ஒட்டுதல் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சமைத்ததை அவர்கள் வாயில் வைக்கமாட்டார்கள், அவர்களுடைய சாப்பாட்டு விதிகள் வேறு. வெட்டாத பழம் என்றால் வாங்குவார்கள். கொட்டிலுக்குள் பழங்களைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் என்று கண்டு, அடுத்த வருடம் தமிழ்க் கடையில் ஒரு சீப்புக் கதலி வாங்கிக் கொடுத்தேன். ஆப்பிளுக்கும் மாதுளைக்கும் நடுவில் அது தொங்கியது. பண்டிகைக்கு அவர் கையில் ஒரு விரியாத குருத்தோலையைப் பிடித்துக் குலுக்கி மந்திரம் சொல்வார். எங்களிடம் தந்திருந்தால் நல்ல தோரணம் ஒன்று பின்னியிருப்போம் என்று என் கணவர் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

மாசி, பங்குனியில் அவர்களுக்கு வேடம் போட்டுக்கொண்டு அயலாருக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கும் நாள் ஒன்று வரும். பூரிம் என்று பெயர். அந்த நாளில் கதவு மணி அடித்தது. எட்டிப் பார்த்த என் கணவர் மெதுவாகத் திரும்பி வந்தார்.

"வெளியில ஒரு வாழைப்பழம் நிக்குது," என்றார்.

தலை முதல் முழங்கால் வரை மஞ்சள் வாழைப்பழம். நடுவில் வட்டமாக வெட்டிய துவாரத்துக்குள் அங்கிளின் முகம், உலகத்தில் ஒரு நல்ல விஷயமும் நடக்காத மாதிரி. கையில் முக்கோணப் பலகாரக் கூடை.

"இதுக்குள்ள நடக்க ஏலாது. மூச்சும் விட ஏலாது. தெருவில நாய் குலைக்குது. சந்தோஷமான பூரிம் பிள்ளை," என்று கூடையை நீட்டினார். என் மகள் நிலத்தில் விழுந்து உருண்டு சிரித்தாள். அவள் எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்தது எனக்கே புதிதாக இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. வரவேற்பறைத் தட்டில் என் தம்பியின் படம் ஒன்று இருந்தது. கடைசிச் சண்டையில் வன்னியில் காணாமல் போனவன். பிடித்துக்கொண்டு போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்கு முதலே செல் குண்டு விழுந்த இடத்தில் நின்றதாக இன்னொருவர் சொன்னார். அந்தப் படத்துக்கு நான் மாலை போடவில்லை, விளக்கும் வைக்கவில்லை. வைத்தால் அவன் செத்தவன் ஆகிவிடுவான். அதைச் செய்ய என் கை வரவில்லை. அதே நேரம், அவன் எங்கேயாவது பட்டினி கிடக்கிறானோ என்று தெரியாத நாளில் அடுப்பில் தாச்சி வைத்துப் பணியாரம் சுடவும் கை வரவில்லை. ஆகவே தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, வருடப்பிறப்பு இல்லை. மகளின் பிறந்தநாளுக்குக் கடைக் கேக் ஒன்று வரும், பாட்டில்லாமல் வெட்டுவோம்.

என் கணவரின் தங்கை வரும்போதெல்லாம் ஒரே கதைதான். "மச்சாள், ஐயரைக் கூப்பிட்டு அந்திரெட்டியைச் செய்து முடியுங்கோ. எத்தினை வருசத்துக்கு இப்பிடி இருட்டுக்குள்ள இருக்கப்போறியள்? பிள்ளையை யோசிச்சியளோ?" அந்திரெட்டி என்றால் செத்தவருக்குச் செய்யும் கடைசிக் கிரியை. அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் பிள்ளையின் தீபாவளிக்காகத் தம்பியைச் சாகடிக்கவேண்டுமா? மகளோ பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, "அம்மா, மற்ற தமிழ் ஆக்கள் எல்லாரும் செலிபிறேற் பண்ணீனம். வை நொட் அஸ்?" என்று கேட்பாள். கொஞ்ச காலத்தில் அவள் கேட்பதையும் விட்டுவிட்டாள். கேட்டதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அங்கிள் இதைக் கவனித்திருக்கிறார். குறை கண்டுபிடிப்பவர்களின் கண்ணுக்கு எது தப்பும்?

"இத்தினை வருசமாப் பக்கத்தில இருக்கிறன்," என்று ஒருநாள் வேலியடியில் தொடங்கினார். "உங்கடை பண்டிகை எண்டு சொல்லி ஒரு வெட்டாத பழம்கூட எனக்கு வரேல்லை. என்ன அயலட்டை நீங்கள்? அங்கால தெருவில தமிழ் ஆக்கள் லைற் எல்லாம் போட்டிருக்கினம். உங்கடை வீட்டுக்குக் கறண்ட் இல்லையோ?"

அந்தக் கேலி தாங்காமல் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வழக்கமாக ஆறுதல் சொல்லும் ஆட்கள் சொல்லும் எதையும் சொல்லவில்லை.

"செத்த ஆளுக்கு எங்களிட்டைக் கணக்கு இருக்கு," என்றார் கடைசியில். "ஏழு நாள், முப்பது நாள், தாய் தேப்பனுக்கு வருசம். எல்லாத்துக்கும் ஒரு முடிவு இருக்கு. ஆனா தகவல் இல்லாத ஆளுக்கு... எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லுறன்."

கேட்கமாட்டார் என்று நினைத்தேன். சில வாரங்களுக்குப் பிறகு, அடுத்த கொட்டில் எழும்பிய நேரம், மணி அடித்துக்கொண்டு வந்து நின்றார். முகம் வழக்கத்தைவிடக் கடுகடு.

"ரபாயிட்டைக் கேட்டன்," என்றார். ரபாய் என்பது அவர்களுடைய மதகுரு. "காணாமல் போன ஆளுக்கு எப்ப துக்கம் தொடங்கிறது, எப்ப முடிக்கிறது எண்டு. பெரிய பெரிய ஆக்கள் எல்லாம் புத்தகத்துக்குள்ள சண்டை பிடிச்சுக்கொண்டு கிடக்கினமாம். கடைசியில ரபாய் என்னைத் திருப்பிக் கேட்டார், அந்த வீட்டில சின்னப்பிள்ளை இருக்கோ எண்டு. ஓம் எண்டன். அப்ப இஞ்ச நிண்டு என்ன கதைக்கிறாய், போய்ச் சாப்பாட்டுக்குக் கூப்பிடு எண்டார். அந்தாள் எப்பவும் உப்பிடித்தான், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாது. நாளைக்குப் பின்னேரம் வாங்கோ. கோட்டுப் போட்டுக்கொண்டு வாங்கோ, சரியான குளிர்."

போனோம். மேசையில் சூப், ரொட்டி, மீன். மகள் சும்மா கிடந்த ஒரு கதிரையில் ஏறப் போனாள். பழைய மரக்கதிரை, ஒரு கால் கொஞ்சம் கட்டை, முதுகில் பூவேலை செய்த துணி.

"அதில இருக்காதேங்கோ. அது ஆள் வாற கதிரை," என்றார் அங்கிள்.

பிறகு எழும்பி நின்று, யாரையோ வாசலில் கண்டவர் மாதிரிக் கூப்பிட்டார். உள்ளே வா, வந்து இரு என்று. அவர்களுடைய முன்னோர்களில் ஒருவரை ஒவ்வொரு நாளும் பெயர் சொல்லி அழைப்பது வழக்கமாம். அன்றைக்கு ஆபிரகாமின் முறையாம்.

"அவர் எப்பவோ செத்த ஆள் எல்லோ அங்கிள்?" என்று என் கணவர் கேட்டார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன்.

"அது எனக்குத் தெரியாது," என்றார் அங்கிள் சூப்பை ஊற்றியபடி. "கூப்பிடச் சொல்லியிருக்கு, கூப்பிடுறன். செத்த ஆளோ இருக்கிற ஆளோ எண்டு விருந்தாளியிட்டைக் கேக்கிறது மரியாதை இல்லை. சூப்புக்கு உப்புக் காணாது."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு என்னைவிட்டுப் போகவில்லை. ஆனால் நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு வருடம் அப்படியே ஓடியது.

அடுத்த வருடம், அவர்களுடைய பெரிய உபவாச நாளுக்கு அடுத்த நாள், அன்ரி இறந்துபோனார். இதயம். காலையில் எங்களுக்குக் கையசைத்தவர் மத்தியானம் இல்லை. மறுநாளே அடக்கம் செய்துவிட்டார்கள். நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். அங்கிள் ஒரு பதிந்த முக்காலியில் இருந்தார், சட்டை நெஞ்சடியில் கிழித்தபடி. துக்கக்காரர் வாய் திறக்கும்வரை வந்தவர்கள் பேசக்கூடாதாம். எங்களிடமும் செத்தவீட்டில் வாங்கோ என்றும் இல்லை, போய்வாறன் என்றும் இல்லை. ஆகவே எனக்கு அது புதிதாகப் படவில்லை, பேசாமல் இருந்தேன். அவரும் பேசவில்லை. அவர் புறுபுறுக்காத வீட்டில் இருப்பது எனக்குப் பயமாக இருந்தது.

பின்வளவில் கொட்டில் அரைகுறையாக நின்றது. ஏழு நாள் துக்கம் என்று அவர் முன்பு சொன்னது நினைவில் இருந்தது. இந்த வருடம் பண்டிகை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஒரு துணை கிடைத்த மாதிரியும் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு சுத்தியல் சத்தம் கேட்டது. யன்னலால் பார்த்தால் அங்கிள் ஏணியில். ஏணியைப் பிடிக்க ஆளில்லை. எனக்குத் தலைக்குள் சூடேறியது. மனுசி செத்து ஒரு கிழமை ஆகவில்லை, இவருக்குப் பந்தல் கேட்கிறதா? விறுவிறென்று வேலியடிக்குப் போனேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் எழுதியிருந்ததை அந்தக் கண்ணாடிக்காரர் படித்துவிட்டார்.

"என்னை அப்பிடிப் பாக்காதேங்கோ பிள்ளை. இது நான் செய்யிறேல்லை," என்றார். "பண்டிகை வந்தா துக்கத்தை நிப்பாட்டவேணும் எண்டுதான் சட்டம். ஏழு நாள் இருக்க விடேல்லை. பொழுது பட எழும்பிச் சந்தோஷமா இருக்கட்டாம். எப்பிடி இருக்கிறதெண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை." அடுத்த ஆணியை எடுத்தார். "இந்தப் பலகை கோணலா நிக்குது. ஒருக்காப் பிடியுங்கோ."

நான் வேலிப் படலையால் உள்ளே போய்ப் பலகையைப் பிடித்தேன். அவர் அடித்தார். அடித்துக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே ஆணி மொட்டை என்றார். அந்தக் குறையைக் கேட்டபோது எனக்கு உயிர் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் என் கணவரும் வந்து சீடர் கிளைகளை மேலே அடுக்கினார், இம்முறை வானம் தெரிய. மகள் கதலிச் சீப்பைக் கட்டினாள்.

அன்று பொழுதுபட்டதும் அவருடைய பிள்ளைகளோடு எங்களையும் உள்ளே இருத்தினார். ஆபிரகாமைக் கூப்பிட்டார். பிறகு அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீயும் வா," என்றார் மெல்ல. "கடைச் சூப்தான். உன்ரை மாதிரி இல்லை. வந்து இரு."

அவர் குந்தி, கரண்டியை எடுத்தார்.

"நான் சந்தோஷமா இருக்கிறன் எண்டு ஒருத்தரும் நினைக்காதேங்கோ," என்றார். "வந்தா இருக்க இடம் விட்டு வைக்கிறன். அவ்வளவுதான்."

அந்த வருடத் தீபாவளி அதற்குச் சில வாரங்களில் வந்தது. தீபாவளிக்கு முதல் நாள் நான் பயறு வறுத்தேன். அந்த வாசனைக்கு மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் நான் நிறுத்திவிடுவேனோ என்று பயந்த மாதிரி. பயற்றம் பணியாரம் என் தம்பிக்கு உயிர். தாச்சியில் போட்டு எடுக்க எடுக்க அழுதேன். ஆனால் கை நிற்கவில்லை.

தீபாவளியன்று பின்னேரம் வேலியடிக்குப் போய், "அங்கிள், உங்கடை அந்தக் கதிரையை இண்டைக்கு ஒருக்காத் தருவியளோ?" என்று கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

"பழசு. கால் ஆடும். பாரம் வேற," என்று புறுபுறுத்துக்கொண்டு தானே தூக்கி வந்தார். என் கணவர் வாங்கப் போக, கொடுக்கமாட்டேன் என்றார்.

கதிரையை நான் சாப்பாட்டு மேசையின் மற்றப் பக்கம், சுவரோடு அணைத்து வைத்தேன். தம்பியின் படத்தை எடுக்கவில்லை. படத்துக்கு மாலை இல்லை, விளக்கு இல்லை, படையலும் இல்லை. விளக்குகளை வாசலில் ஏற்றினோம். பிறகு வந்து கதிரைக்கு முன்னால் நின்றேன். எத்தனையோ வருடமாக அவனைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறேன். அவனோடு பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"தம்பி, வா," என்றேன். "தீபாவளி. வந்து இரு."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் என் கையைப் பிடித்தாள். செத்தவனா, இருக்கிறவனா என்று நான் அவனைக் கேட்கவில்லை. விருந்தாளியிடம் அது மரியாதை இல்லை.

அங்கிள் எங்கள் பணியாரத்தைச் சாப்பிட முடியாது. தன் கையால் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு, எங்கள் விளக்குகளையும் மேசையையும் படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ன குறை சொல்லப்போகிறாரோ என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் பழத்தை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

"உதென்ன, சுவரோட ஒட்டி வைச்சிருக்கிறியள்?" என்று அதட்டினார். "இப்பிடி வைச்சா அந்தப் பெடியன் எப்பிடி இருக்கிறது?"

கதிரையை முன்னுக்கு இழுத்து, ஒரு ஆள் வந்து இருப்பதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு விட்டார். அதன்பிறகுதான் போய்ப் பழத்தைச் சாப்பிட்டார்.

இரண்டு வருடம் கழித்து அவருடைய மகள் வந்து அவரை மொன்றியலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகிற அன்று, மகள் வீட்டில் இடம் காணாது, கால் வேறு ஆடுகிறது, எறிந்தாலும் எறியுங்கோ என்று சொல்லிக் கதிரையை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். துணியைத் தோய்த்து மடித்து மேலே வைத்திருந்தார். அங்கேயே ஒரு மாரியில் காலமானார் என்று பிறகு தகவல் வந்தது. அவரைப் பற்றித் தகவலாவது வந்தது, அதுவே பெரிய விஷயம். அவரை நினைக்கும்போது எனக்கு நன்றியைத் தவிர வேறொன்றும் வருவதில்லை. அதைக் கேட்டால் அதற்கும் ஏதாவது குறை சொல்வார்.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாப் பண்டிகையும் உண்டு. என் கணவரின் தங்கை அந்திரெட்டியைப் பற்றிக் கதைப்பதில்லை, பணியாரத்துக்குச் சீனி கூட என்று மட்டும் சொல்வாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் கதிரையை நான் முதலில் சுவரோடு ஒட்டித்தான் வைக்கிறேன். வேண்டுமென்றேதான். யாராவது புறுபுறுத்துக்கொண்டு வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். போன வருடம், பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மகள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே போய்க் கதிரையை இழுத்தாள்.

"அம்மா, ஒவ்வொரு வருசமும் சொல்லவேணுமோ? இப்பிடி வைச்சா மாமா எப்பிடி இருக்கிறது?"